வெள்ளை முகம் வைத்த மீற்றர்

எங்கள் வீட்டுக் காரின் மீற்றர்களுக்கு வெள்ளை முகம் வைத்த கதையை எங்கே சொன்னாலும் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அருவருப்புத்தான் வருகிறது. அந்தக் கோதுமைமாப் பசையின் புளித்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. அப்பாவை ஐயா என்போம், அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அண்ணைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. வேலை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். அவருக்கு வேலை, கோயில், பெண்டாட்டி எல்லாம் அந்தக் கார்தான். மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. பல கைகள் மாறி, பல நிறங்கள் பூசப்பட்டு, கடைசியில் எங்கள் வேப்ப மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை துணி, அதுவும் கிழிசல். மழைக்குப் போனால் மடியில் தண்ணீர் கட்டும். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்த எவரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள்.

பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது. காருக்கு ஒரு ஆணி வேண்டுமென்றாலும் யாழ்ப்பாணம் முழுக்க அலைய வேண்டும். அப்படிப்பட்ட நாளில், கப்பலில் வேலை செய்த அண்ணையின் கூட்டாளி ஒருவன் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய கார்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒரு படம். பந்தயக் கார் ஒன்றின் உட்புறம். மீற்றர்கள் எல்லாம் பளிச்சென்று வெள்ளை, அதன்மேல் கறுப்பு எண்கள், சிவப்பு முள். அன்றிலிருந்து அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் காரின் கறுப்பு மீற்றர்களைப் பார்த்து, செத்த வீட்டுக்கு வந்த ஆட்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வெள்ளை முகம் வைக்கப் போறன்" என்றார் ஒருநாள். "அதுவும் தமிழிலை."

எல்லாவற்றுக்கும் தமிழ் தேடும் காய்ச்சல் அப்போது எங்கள் பக்கம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அந்தக் காய்ச்சல் இருந்தது, அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தபாலில் போடப் பஞ்சி, சோம்பல் என்று கிடக்கிற மனிதர், காரின் வேகத்தைத் தமிழில் பார்க்க வேண்டும் என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ் எண்களில் பாதியை அவருக்கே எழுதத் தெரியாது. ஐயாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நாலு என்றால் ச, பத்து என்றால் ய என்று அந்த எண்கள் பார்வைக்கு எழுத்துப் போலவே இருக்கும். தெரிந்த அச்சகமொன்றில் பஞ்சாங்கம் அடித்த காலத்து எழுத்துகள் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தன. கலியாண அழைப்பிதழுக்கு வாங்கி வைத்திருந்த பளபளப்பான வெள்ளை மட்டையில் அவற்றை வட்டமாக அடுக்கி அடித்துக் கொடுத்தார்கள்.

பெற்றோல் மீற்றரில் ஒரு சிக்கல் வந்தது. நிறைந்த பக்கத்துக்கு 'முழு' என்று வைத்து மு போட்டாயிற்று. மற்றப் பக்கத்துக்கு 'வெறுமை' என்று வெ போடப் போனார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா.

"காருக்குள்ளை வெறுமை எண்டு எழுதி வைச்சுக்கொண்டு ஆரடா ஓடுறது? வாயாலையே சொல்லக்கூடாத சொல்லு."

அம்மாவின் வழக்கம் அது. அரிசி முடிந்துபோனால் முடிந்தது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டா. "அரிசி நிறைஞ்சு போச்சு" என்பா. உப்பும் அப்படி, எண்ணெயும் அப்படி. இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். நிறைந்துபோனது என்று அம்மா சொன்னால் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடப்போம். வெளியாட்கள்தான் விளங்காமல் விழிப்பார்கள்.

"அப்ப என்னத்தைப் போட?" என்று அண்ணை கேட்டார்.

"நிறைஞ்சு போச்சு எண்டு போடு."

போட்டார். பெற்றோல் இல்லாத பக்கத்தில் நி, பெற்றோல் இருக்கிற பக்கத்தில் மு. இதைச் செய்தது ஒரு படித்த குடும்பம்.

பொருத்திய நாள் இன்னும் கேவலம். பால் காய்ச்சுகிற சட்டியில் மாப்பசை கிண்டினார். டாஷ்போட்டைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டு, கண்ணாடிகளைப் பிடித்திருந்த வளையங்களைக் கறிக்கத்தியால் நெம்பினார். முள்ளுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழைய கறுப்பு முகத்தின்மேல் பசையை அப்பி, வெள்ளை மட்டையை ஒட்டி, பெருவிரலால் அமத்தித் தேய்த்தார். விரல் ரேகை கிறீஸோடு அப்படியே பதிந்தது. அதைத் துடைக்க எச்சில் தொட்டார். பிறகு முள்ளுகளைக் குத்தி, கண்ணாடியை மூடி, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இறங்குதுறைப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலை இப்ப எத்தினை மணி?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. நாற்பதில் ஓடினால் முள் 'சய' என்று காட்டியது. சயரோகத்தில் ஓடுகிறது கார் என்றேன். அண்ணை என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை, அது ஒரு நிம்மதி.

கடற்காற்றும் மாப்பசையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று குசினிக்குள் போய் வந்த எவருக்கும் தெரியும். மாரி தொடங்கியதும் மட்டை பழுத்தது. கிழவர்களின் பல்லின் நிறம். ஓரங்களில் பச்சைப் பூஞ்சணம். கண்ணாடிக்குள் எறும்பு புகுந்து, எண்களைச் சுற்றி வரிசையாக நடந்தது. ஒரு கரப்பான் வேக மீற்றருக்குள் முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துக் கிடந்தது. முள் அதைத் தட்டித் தட்டிப் போகும். அண்ணை அதையும் பொருட்படுத்தவில்லை. கண்ணாடியின் மேற்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "பளிச்செண்டு கிடக்கு" என்பார்.

அந்த நிலையில்தான் எனக்கு ஆசிரியர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில், காலையில். பல வருடமாக எழுதி எழுதிக் காத்திருந்தது. அதற்கு ஒரு வயதெல்லை உண்டு, அந்த வருடத்தோடு நான் அதைக் கடந்துவிடுவேன். இது தவறினால் பிறகு ஒன்றுமில்லை. ஆராவது வந்து பெண் கேட்கும்வரை அம்மாவின் குசினியில் பானை கழுவ வேண்டியதுதான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் முதல் பஸ்ஸில் போகிறேன் என்றேன். ஐயா கதிரையிலிருந்து நிமிர்ந்தார்.

"வீட்டிலை கார் நிக்கேக்கை நீ ஏன் பஸ்ஸிலை இடிபடுறாய்? அண்ணை கொண்டுபோய் விடுவான். காரிலை போய் இறங்கினால் ஒரு மதிப்பு."

முதல் நாள் பின்னேரம் அண்ணை பெற்றோல் அடிக்கப் போக எழும்பினார். எழும்பியது மட்டும் உண்மை. ஐயா எதையும் தானே பார்த்தால்தான் நம்புவார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காருக்குள் தலையை விட்டார். முள் நி-யில் நின்றது. அம்மாவின் பேச்சு ஐயாவுக்குக் குசினிப் பேச்சு, அச்சில் வந்த எழுத்து வேறு. அச்சில் வந்தால் அவருக்கு அகராதிப்படிதான்.

"நிறைய இருக்கெண்டு காட்டுது" என்றார். "பிறகேன் அலையிறாய்?"

அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். தானே அடுக்கி, தானே ஒட்டிய எழுத்து. பார்த்துவிட்டு, "ஓம், நிறையத்தான் இருக்கு" என்று சொல்லி மறுபடியும் இருந்துவிட்டார். அந்த வீட்டில் அந்த மீற்றரைச் சரியாக வாசிக்கக்கூடியவர்கள் அம்மாவும் நானும்தான். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தா, நான் உள்ளே சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

காலையில் புறப்பட்டோம், பெற்றோல் அடித்தாயிற்று என்றே நான் நினைத்திருந்தேன். வேலணை தாண்டி, மண்கும்பான் தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைக் கடலுக்கு நடுவில் போகும் வீதியில் ஏறியதும் கார் ஒருமுறை இருமியது. பிறகு இன்னொருமுறை. பிறகு நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் வற்றுக் கடல். கரையில் ஒதுங்கிய சாதாளைப் பாசி அழுகி நாறிக்கொண்டிருந்தது. அண்ணை இறங்கி முன்பக்கப் பொனற்றைத் திறந்து, ஒரு குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார், காறித் துப்பினார், மறுபடி ஊதினார்.

"பெற்றோல் முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. இஞ்சை பார்." கண்ணாடியை விரலால் தட்டினார். பூஞ்சணம் பிடித்த மட்டையில் முள் அசையாமல் நின்றது. "நி-யிலை நிக்குது."

"நி எண்டா என்ன?"

"நிறைய."

"அப்ப மு எண்டா?"

அவர் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார். அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காது வரைக்கும் சிவந்தது. ஆனால் மன்னிப்பு என்ற ஒன்று அந்த வாயில் வரவில்லை. "ஆரும் வருவினம்" என்று சொல்லிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தது பஸ். நான் போகவேண்டும் என்று கேட்டிருந்த ஊர்காவற்றுறை பஸ்ஸேதான். நான் காரிலிருந்து இறங்குவதற்குள் சாரதி எங்களைக் கண்டுகொண்டான். அண்ணைக்குத் தெரிந்தவன். வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, என்ன பிரச்சினை என்று கையால் கேட்டான். யன்னல்கள் எல்லாவற்றிலும் எங்கள் ஊர் முகங்கள். நான் கையை உயர்த்தினேன். அண்ணை எனக்கு முன்னால் வந்து நின்று, முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, போங்கோ போங்கோ என்று கையை வீசினார். காற்று வாங்க நிற்கிறோமாம். சாரதியும் சிரித்து, ஒரு ஹோர்ன் அடித்து, புகையை எங்கள் முகத்தில் விட்டுவிட்டுப் போனான்.

"ஏன் அனுப்பினனீங்கள்?"

"ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம், பிள்ளை" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வாயில் கசந்து புளித்து ஏதோ ஊறியது, அதைத் தெருவில் துப்பினேன். சான்றிதழ் உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் பின்னால் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. உப்புக் காற்றில் சேலை காலில் சுற்றியது, செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது கதவடியில் நின்ற பியோன் என் பெயரைக் கேட்டுவிட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை என்று எழுதியாயிற்று, இனி உள்ளே விட ஏலாது என்றார். என் காலைப் பார்த்துவிட்டு இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். நான் குடித்துவிட்டு எழும்பினேன்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. கார் அதே இடத்தில் நின்றது. அண்ணை ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தார். யாராவது பார்த்தால் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கட்டும் என்று இருந்தார் போல.

வீட்டுக்கு வந்தபோது ஐயா வாசல் படலையில் நின்றார். என் காலில் செருப்பில்லை, சேலைக் கரையெல்லாம் சேறு. அவர் என்னைத் தாண்டி ஒழுங்கையின் முடிவு வரைக்கும் பார்த்தார்.

"காரை எங்கை விட்டிட்டு வந்தனீ?" என்றார்.

சொன்னேன். ஐயா பதைபதைத்து, பெற்றோல் கொண்டுபோக ஒரு தகர டின் தேடினார். உப்புக் காற்றில் கார் துருப்பிடித்துவிடும் என்று அம்மா கவலைப்பட்டா. அண்ணை வந்து சேர்ந்ததும் மூவரும் குசினி வாசலில் இருந்து காரைப் பற்றியே கதைத்தார்கள். அண்ணை எல்லாம் சொன்னார், நான் நடந்து போனதையும் சொன்னார், பஸ்ஸை அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை. நான் உள்ளே இருந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த கிழமை சொந்தக்காரர் ஒருவர் வந்து என் வேலை என்ன ஆயிற்று என்று விசாரித்தபோது, நான் வாயைத் திறக்க முதல் ஐயா சொன்னார்: "போனவள்தான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியேல்லைப் போலை."