சாம்பல் கட்டம்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இடைவேளை மேடம்'. உலக சினிமா வகுப்பில் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்பார். பதில் வராமல் படம் நகராது.

கொஞ்ச காலமாக அந்தப் பதில் சரிதானா என்று அவருக்கே தெரியவில்லை. பார்வையின் நடுவில் புகைமூட்டம். ஓரம் மட்டுமே மிச்சம். கல்லூரிக்குத் தெரிந்தால் வகுப்பு பறிபோகும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளிடம்கூட, "எழுத்துதான்டி கலங்குது, படமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்று சொல்லிவைத்திருந்தார்.

புதிய பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. போட்டியில் இரண்டு புத்தகங்கள். மகள் இரண்டையும் வாசித்துக் காட்டினாள், படங்களுக்குக் கீழிருந்த குறிப்புகள் உட்பட. குறிப்பைக் கேட்டதுமே, எத்தனையோ முறை பார்த்த காட்சிகள் அவருக்குள் ஓடின.

"ரெண்டாவதுதான்டி. என்னமா பொறுக்கி எடுத்திருக்கான்!"

பாடக்குழுக் கூட்டத்தில் துறைத்தலைவர் இழுத்தார். "ரெண்டாவது கொஞ்சம் மட்டமா இருக்கே மேடம்..."

மகள் சீட்டு ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார் மேடம். "இந்த ஜன்னலைப் பாருங்க சார். அந்தப் பொண்ணு முகத்துல பாதிதான் வெளிச்சம். இதுக்கு மேல என்ன பாடம் வேணும்?"

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், அவரிடமே படித்து அங்கேயே ஆசிரியரான இளைஞர் மெல்லச் சொன்னார்: "ஆமா மேடம். அருமையான படம்."

துறைத்தலைவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "ஜெயிச்சுட்டேன்டி! ஜன்னல் படத்தைக் காட்டினேன், அத்தனை பேரும் கப்சிப்" என்றார்.

மகள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அங்க ஏதும்மா படம்? பாதிப் படங்களுக்கு அனுமதி கிடைக்கலைன்னு வெறும் சாம்பல் கட்டம்தானே போட்டிருக்கான். நீ குறிப்பைத்தான் மெச்சறேன்னு நெனச்சேன். உனக்குத்தான் படம் தெரியுமே..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

மேடம் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். பிறகு அந்த இளைஞரைப் போனில் கூப்பிடச் சொன்னார்.

"என் வகுப்புல உக்காந்து படிச்சுட்டு, இல்லாத படத்தை அருமைன்னு சொல்லலாமாப்பா?"

"மேடம்... உங்களை எப்படி..."

"எனக்காகப் பிள்ளைங்க கையில வெறும் கட்டத்தைக் குடுப்பீங்களா? முதல் புத்தகத்தையே போடுங்க. வகுப்பையும் நீயே எடுத்துக்கோ."

மேடம் போனை மேசையில் வைக்கப் போனார். மேசை ஒரு சாண் தள்ளி இருந்தது. மகள் ஓடிவந்து கையில் வாங்கிக்கொண்டாள். உதவ வரும் கையை எப்போதும் தட்டிவிடுகிறவர், இந்த முறை தட்டிவிடவில்லை.