வெற்று இடத்தைப் படித்த நடுவர்

எண்பதுகளில் திண்டுக்கல்லில் கணித விரிவுரையாளராக இருந்தபோது, என் முதல் ஆய்வுக்கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். என் கோடை விடுமுறைகளையெல்லாம் தின்று வளர்ந்த தேற்றம் அது. அச்சில் வராவிட்டால் எனக்குக் கணக்கு வரும் என்பதற்கு வேறு சாட்சியே கிடையாது. வீட்டில் பால்கணக்கைக்கூட என்னை நம்பித் தருவதில்லை.

பேகம்பூரில் டைப் அடித்துத் தரும் பாய், "சார், இந்தச் சுழி, வளைவெல்லாம் நம்ம மிசின்ல இல்ல. இடம் விட்டு அடிச்சிருக்கேன், பேனாவுல நீங்களே போட்டுக்கங்க" என்றார். மேல்பிரதியில் சூத்திரங்களை எழுதினேன். கார்பன் பிரதியில் எழுத மறந்து, இரண்டையும் ஒரே உறையில் திணித்து ஒட்டினேன். அவ்வளவு பெரிய மேதை நான்.

மேல்பிரதி இதழாசிரியரின் கோப்புக்குப் போயிற்று. கார்பன், பெயர் சொல்லாமல் மதிப்பிடும் நடுவருக்கு. சில மாதங்கள் கழித்து அது அவர் கருத்தோடு திரும்பியது. "இதெல்லாம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்தவை. கணக்கீடுகள் மிக நீளம்."

எந்தக் கணக்கீடு? தாள் முழுக்க 'எனவே', 'ஆகையால்' தவிர ஒன்றுமில்லையே! ஒரு வெற்று இடத்தின் ஓரத்தில் 'இது மிக எளிது' என்று பென்சிலில் வேறு எழுதியிருந்தார்.

உச்சந்தலை கொதித்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இதழ்களில் ஆசிரியரே உட்கார்ந்து படித்து, போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். திட்டினாலும் யார் திட்டினார் என்று தெரியும். இந்த மனிதருக்குப் பெயரும் இல்லை, கண்ணும் இல்லை.

"இதழாசிரியருக்கு எழுதிக் கிழிக்கப் போறேன்!" என்று ஸ்டாஃப் ரூமில் கத்தினேன்.

வேதியியல்காரர் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எழுதுங்கப்பு. 'நான் ஒண்ணுமே எழுதாம அனுப்புனேன், அத ஏன் படிக்கல'ன்னு எழுதுங்க. செத்த நேரம் சிரிப்பாங்ய."

அதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஆளின் அயோக்கியத்தனத்தை நிரூபிக்க, என் முட்டாள்தனத்தை முதலில் நிரூபிக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பென்சில் எழுத்தை அழித்து, விட்ட இடங்களில் சூத்திரங்களை எழுதி, வேறு ஒரு சொல்லும் மாற்றாமல் அதே பிரதியை அனுப்பினேன். பதில் வந்தது: "கணக்கீடுகளை அழகாகச் சுருக்கியிருக்கிறார். இப்போது புதுமை தெரிகிறது. வெளியிடலாம்." கூடவே இதழாசிரியரின் குறிப்பு: நடுவருக்கு நன்றி சொல்லி, கடைசியில் ஒரு வரி சேர்க்கவும், அது வழக்கம்.

கடைசிப் பக்கத்தோடு பாயிடம் போனேன்.

"நன்றின்னு தலைப்பு அடிச்சாச்சு சார். கீழ என்ன போட?"

"இடம் விட்ருங்க பாய்."

"பேனாவுல போட்டுக்கிருவீங்களா?"

"மாட்டேன். அவரு அதையும் படிச்சுக்கிருவாரு."