கிறிஸ்துராஜா ஜப்பானிலிருந்து வான் எடுப்பித்த கதை

கிறிஸ்துராஜாவை ஏமாற்ற இனித்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் சொல்லுவார். கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். லண்டன் கிறீன் ஸ்ரீற் கடைத்தெருவில் கால் கிலோ வெண்டிக்காய் வாங்க முப்பது வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்ப்பார். முறித்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

சொந்த ஊர் மன்னார். வயது ஐம்பத்தெட்டு. மனோர் பார்க்கில் வீடு. கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருசமாகப் போர்ட்டர். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும், எக்ஸ்ரேயிலிருந்து வார்டுக்கும் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு திரிவதுதான் வேலை. அதனால் வேலை முடிந்தபின் சில்லுப் பூட்டிய எதையும் அவர் தள்ளமாட்டார். சுப்பர்மார்க்கெற் வண்டிலைக்கூட மனைவி பெர்னடெற்தான் தள்ளவேண்டும். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்த மந்திரி மாதிரி நடந்து வருவார்.

பழைய கார் ஒரு மார்கழிக் குளிரில் நின்றது நின்றதுதான். பெர்னடெற்றின் தம்பி மேர்வின் கிங்ஸ்பரியிலிருந்து உடனே போன் எடுத்தான். அவனிடம் மாதக் கட்டணத்தில் எடுத்த புத்தம்புது ஜேர்மன் கார் இருந்தது. தனக்குத் தெரிந்த ஒருவன் நல்ல கார் விற்கிறான், வந்து பாருங்கோ என்றான்.

"இஞ்சத்தைக் கார் ஒண்டும் சரிவராது," என்றார் கிறிஸ்துராஜா. "ஸ்னோவுக்கு றோட்டெல்லாம் உப்புப் போடுறாங்கள். கீழால கறள் பிடிச்சு, உள்ளுக்கை கருவாடுதான். ஜப்பான்காரன் காரைப் பிள்ளை மாதிரி வைச்சிருப்பான். நான் அங்கயிருந்து நேரா எடுப்பிக்கப் போறன். ஒன்லைன் ஏலத்தில."

"அத்தான், காரைக் கண்ணால பாக்காமல் வாங்கிறதோ?"

"உன்ர அக்காவையும் போட்டோவில பாத்துத்தானே கட்டினனான். என்ன குறை?"

"அந்தப் போட்டோவில நான் அழகாத்தான் இருந்தனான்," என்று குசினிக்குள்ளிருந்து பெர்னடெற் சொன்னாள். "உங்கட போட்டோவிலதான் தலைமயிர் இருந்தது."

அன்றிலிருந்து கிறிஸ்துராஜா ஜப்பான்காரன் ஆகிவிட்டார். ஏலத்தில் எடுத்து அனுப்பிவைக்கும் ஒரு ஏஜென்ற்றைப் பிடித்தார். இரண்டு மாதம் தொலைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. கடைசியில் ஒரு வெள்ளை வான் கண்ணில் பட்டது. ஏழு பேர் இருக்கலாம். எட்டுப் படம் போட்டிருந்தார்கள். கூடவே ஏலக்காரர் எழுதிய ஒரு தாள், ஒரு எழுத்து விடாமல் ஜப்பான் மொழியில். மேலே 'நாலரை' என்று மட்டும் இலக்கத்தில் இருந்தது. ஐந்துக்கு நாலரை எடுக்கும் வான் எப்படிப்பட்ட வானாக இருக்கவேண்டும்!

மகள் றூபினி தன் போனைத் தாளின் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாள். பாதி வரி வந்தது, பாதி வரவில்லை.

"அப்பா, இதில வெல்ஃபெயர் வெஹிக்கிள் எண்டு வருது. வட் இஸ் தற்? ஏஜென்ற்றிட்டக் கேளுங்கோ."

கிறிஸ்துராஜா ஒரு கணம் யோசித்தார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கத்தின் வெல்ஃபெயர் சொசைற்றிக்குச் செயலாளராக இருந்தவர். அவருக்குத் தெரியாத வெல்ஃபெயரா?

"ஏதோ ஒரு கம்பனியில தொழிலாளர் நலனுக்கெண்டு விட்ட வான், பிள்ளை. சொசைற்றிச் சாமான் எண்டால் ஆக்கள் பயத்தோட பாவிப்பாங்கள். அதுதான் நாலரை."

"கேட்டுப் பாக்கலாமே?"

"கேட்டால் நாங்கள் ஒண்டும் தெரியாத ஆக்கள் எண்டு கண்டுபிடிச்சிடுவான்."

ஒரு படத்தில் நடு வரிசையில் ஒரு சீற் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பாக, பக்கத்தில் ஏதோ கைபிடியோடு தெரிந்தது. அதையும் அவர் கவனிக்காமல் விடவில்லை. "முதலாளி இருக்கிற சீற்," என்று விளக்கம் சொன்னார். ஏலத்தில் அந்த வானுக்கு அவ்வளவாகப் போட்டி இருக்கவில்லை. மற்றவர்களுக்கு விசயம் தெரியவில்லை என்று நினைத்துக் கொண்டார். அது ஒன்றுதான் அவர் சரியாக நினைக்காத விசயம் என்று சொன்னால், மற்றதெல்லாம் சரி என்று அர்த்தமாகிவிடும்.

கப்பல் வந்து சேர மூன்று மாதம். செங்கடல் பக்கம் பிரச்சினை என்று ஆபிரிக்காவைச் சுற்றி வந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும் நோயாளிகளுக்கு அவர் அதைத்தான் சொல்லுவார். இடுப்பெலும்பு முறிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மூன்றாம் நாள், "உன் கப்பல் கேப்ரவுணைத் தாண்டிவிட்டதா?" என்று வலியோடு வலியாக விசாரித்தார்.

துறைமுகத்தில் இறக்கியபிறகு சுங்கம், பரிசோதனை, பின்பக்கம் பனிமூட்ட லைற் பூட்டுவது, மைல் கணக்குக்கு மாற்றுவது, நம்பர் எடுப்பது எல்லாவற்றையும் ஏஜென்ற்றின் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் லொறியில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதாக ஏற்பாடு. கிறிஸ்துராஜா வானை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பாதரை அழைத்தார். மேர்வினையும் குடும்பத்தோடு வரச்சொன்னார். பெர்னடெற் றோல்ஸ் பொரித்தாள். தெருவில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் கூடிவிட்டார்கள்.

வான் உண்மையிலேயே பளபளத்தது. கீழே குனிந்து பார்த்த மேர்வினே, "கறள் இல்லைத்தான்," என்று ஒத்துக்கொண்டான். பாதர் தீர்த்தம் தெளித்தார். கதவு தானாகத் திறக்கும் அதிசயத்தைக் காட்டுவதற்காகக் கிறிஸ்துராஜா திறப்புக்கொத்தோடு வந்த சின்ன ரிமோட்டைத் தூக்கிப் பிடித்து, நடுவிலிருந்த பெரிய பொத்தானை அமத்தினார்.

கதவு திறந்தது. அதோடு நிற்கவில்லை. ஒரு பெண் குரல் மிகப் பணிவாக ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது. பிறகு முதலாளி சீற் மெல்லக் கதவுப்பக்கம் திரும்பியது. வெளியே வந்தது. பீப், பீப் என்று கத்திக்கொண்டு நடைபாதைக்கு மேல் ஒரு முழ உயரம்வரை இறங்கி, பெல்ற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

றூபினிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். "ஓ. வெல்ஃபெயர்," என்றாள்.

நடக்க ஏலாதவர்களை ஏற்றி இறக்க என்றே செய்த வான் அது. மேர்வின் வாயில் இருந்த றோல்ஸை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "அத்தான், உங்கட வேலை வீட்டு வாசலுக்கே வந்திட்டுது."

கிறிஸ்துராஜா திரும்பத் திரும்பப் பொத்தானை அமத்தினார். சீற் அசையவில்லை. அந்த ஜப்பான் பெண் மட்டும் ஒவ்வொரு தரமும் மன்னிப்புக் கேட்கும் குரலில் எதையோ சொன்னாள். மனுசனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஆபிரிக்காவைச் சுற்றி ஒரு சக்கர நாற்காலியை எடுப்பித்திருக்கிறோம் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

அப்போதுதான் மூன்று வீடு தள்ளி இருக்கும் கிளறிற்றா மிஸி, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தை விலத்தி வந்தார். மன்னார் ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் தாதியாக, ஊர்ப் பேச்சில் மிஸியாக, இருந்தவர். எழுபத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மினிகாப் ராக்சியில் ஏற முடியாமல் ஒரு வருசத்துக்கு மேலாகக் கோயிலுக்கும் போகாமல், பூசையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் இதில ஒருக்கா இருந்து பாக்கட்டோ?"

"மிஸி, அது... இன்னும் செக் பண்ணேல்லை."

"நான் செக் பண்ணுறன். என்ர கையைப் பிடியும்."

மிஸி இருந்தார். பெல்ற்றைப் போட்டார். சீற்றின் கைபிடிக்கு மேலே இருக்கும் சின்னப் பொத்தானைத் தானே கண்டுபிடித்து அமத்தினார். சீற் அவரைத் தூக்கி, திருப்பி, சுவாமி சுரூபத்தைக் கூட்டுக்குள் வைப்பதுபோல உள்ளே வைத்தது. பாதர் கை தட்டினார்.

"வடிவாய் இருக்கு," என்றார் மிஸி உள்ளேயிருந்து. "சரி, எடும்."

"எங்கை மிஸி?"

"கிறீன் ஸ்ரீற்றுக்கு. மீன்கடையைக் கண்ணால கண்டு ஒரு வருசமாச்சு. மகன் கொண்டுவாற மீன் எல்லாம் கண் செத்த மீன்."

மிஸி சொன்னால் மறுத்துப் பேச இருபத்திரண்டு வருசப் போர்ட்டர் ஒருவருக்கு வாய் வராது. எடுத்தார்.

மறுநாளே வானை விற்க விளம்பரம் போட்டார். யாருக்கும் சொல்லவில்லை, பெர்னடெற்றைத் தவிர. இல்ஃபோர்ட்டிலிருந்து ஒருவர் கேட்ட விலைக்கே எடுக்கத் தயார் என்றார். அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பதாகப் பேச்சு. ஒன்பதேகாலுக்குப் பெர்னடெற் போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் வாசலில நிக்கிறார். எங்கை நிக்கிறியள்?"

"கோயிலில. மிஸியையும் இன்னும் ரெண்டு பேரையும் இறக்கிறன். ஒராள் இறங்க ஆறு நிமிசம் எடுக்குது."

"இண்டைக்கு வருவார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"மறந்துபோனன்."

கால்காசு விசயத்தைக்கூட மறக்காத மனுசன். பெர்னடெற் போனை வைத்தாள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அன்றைய பூசையில் மிஸி முன் வரிசையில் இருந்து, பாட்டுக்காரர் சுருதி விட்டதெல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தூணோடு நின்ற கிறிஸ்துராஜா வழக்கத்துக்கு மாறாக முழுப் பூசைக்கும் உள்ளே நின்றார். கண்ணுக்குள் தூசி விழுந்துவிட்டதாம். கோயிலுக்குள் எங்கே தூசி என்று தெரியவில்லை.

விளம்பரம் எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியாது. இப்போது வாரத்தில் நாலு நாள் அந்த வானுக்கு வேலை. செவ்வாய் பல் டொக்டர், வியாழன் கண் கிளினிக், சனி மீன்கடை, ஞாயிறு பூசை. நேரசூசியை மிஸியே எழுதி வானுக்குள் ஒட்டியிருக்கிறார். போன வியாழன் கிறிஸ்துராஜா வாசலில் கொண்டுவந்து நிற்பாட்டியபோது மிஸி கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"ஒன்பது நிமிசம் பிந்தி வாறீர்."

"றோட்டு வேலை நடக்குது, மிஸி."

"அப்ப பத்து நிமிசம் முந்தி வெளிக்கிட்டிருக்க வேணும். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? சீற்றை இறக்கும்."

"ஓம் மிஸி," என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துராஜா பொத்தானை அமத்தினார்.