களியை மெல்லுகிறவள்

ஓசூரில் களியை மென்று தின்றால் சிரிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. கேப்பை மாவைக் கொதிநீரில் கிளறி, கையளவு உருண்டையாக உருட்டித் தட்டில் வைப்பார்கள். அதை விரல் நுனியில் கிள்ளி, சாற்றில் புரட்டி, நேராகத் தொண்டைக்குள் தள்ளிவிட வேண்டும். பல்லில் படவே கூடாது. நாங்கள் குடிவந்த முதல் வாரத்தில் வீட்டுக்காரம்மா ரத்னம்மா எனக்குக் களி போட்டாள். நான் பாட்டுக்கு மென்றேன். அது பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் திருதிருவென்று விழித்தேன். வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசுகிற ரத்னம்மா, மூன்று பாஷையிலும் சிரித்தாள். "அய்யய்யோ, மெல்றியாம்மா நீ? முழுங்கணும் கண்ணு, அப்டியே முழுங்கணும்" என்றாள். கண்ணில் தண்ணீர் வர ஒரு துண்டை விழுங்கிக் காட்டினேன். "அவ்ளோதான், இனிமே நீ நம்மூரு பொம்பள" என்று என் தொடையில் தட்டினாள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. பிறகு பல வருடங்கள், வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டிலும் களிதான். கிள்ளினால் விரல் தானாக உருட்டும், தொண்டை தானாக வாங்கும்.

இந்த விழுங்கல்தான் என் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் குண்டு. ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'தாட்டியான ஆளு' என்பார்கள், அதில் கொஞ்சம் மரியாதையும் இருக்கும். ஓசூருக்கு வந்த பிறகுதான் ஷேர் ஆட்டோக்காரர் என்னைக் கண்டதும் பக்கத்தில் இருப்பவரை முன்னால் வரச் சொல்வது தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சர்க்கரை மாத்திரையிலிருந்து ஊசிக்குப் போனது. முட்டி இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகின. மத்தியானம் கண்ணயர்ந்தால் என் வீட்டுக்காரர் வந்து உலுக்குவார். அவர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். என் குறட்டை திடீரென்று நின்றால் அவருக்குத் தூக்கம் போய்விடும். "ஏளா, மூச்சு நின்னு நின்னுல்லா வருது" என்பார். எனக்கு உடனே அண்ணன் ஞாபகம் வரும். என் அண்ணனுக்கும் இதே உடம்பு, இதே குறட்டை. மத்தியானச் சாப்பாடு முடித்துக் கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. காப்பி போட்டு எழுப்பப் போன மதினி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு படுக்கையில் சாயவே எனக்குப் பயம்.

இங்குள்ள டாக்டர்தான் பெங்களூருக்கு அனுப்பினார். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்தால் வேறு மாநிலம். போர்டுகளில் எழுத்து மாறிவிடும், ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற குரலும் மாறிவிடும். அங்கே உடம்பு குறைய அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் ஓரளவு தமிழ் பேசினார். ஒரு தாளில் வயிற்றை வரைந்தார். மேலே கோழி முட்டையளவு ஒரு பையைப் பிரித்து, அதைக் குடலோடு நேராகத் தைப்போம் என்றார். அந்தச் சின்னப் பைதான் இனி என் வயிறு.

"அப்ப மிச்ச வயிறு, சார்? வெட்டி எடுத்திருவீங்களா?"

"எடுக்க மாட்டோம்மா. உள்ளேயே இருக்கும். சாப்பாடு மட்டும் அதுக்குப் போகாது."

"சும்மாவா கிடக்கும்?"

"சும்மா இல்ல. அதோட ரசம் கீழே வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். செத்ததுமில்லை, பிழைத்ததுமில்லை என்று ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது? ஆபரேஷன் செய்யாவிட்டால் அண்ணனைப் போலப் போவேன். செய்தால் மேஜையிலேயே போவேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் மேம்பாலத்துக்கு எழுப்பிக்கொண்டிருந்த தூண்களைப் பார்த்தேன். இதெல்லாம் கட்டி முடிகிற வரைக்கும் நாம் இருப்போமா என்றுதான் தோன்றியது.

அடுத்த முறை போனபோது சாப்பாட்டு விஷயம் சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள். கன்னடக்காரி, நல்ல பிள்ளை. வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். இட்லி, தோசை, சோறு, குழம்பு என்று ஒப்பித்தேன். ஓசூர் முகவரியைப் பார்த்துவிட்டு, "முத்தே தின்தீரா?" என்றாள். களிக்கு அங்கே அதுதான் பெயர். களி சாப்பிடுவீர்களா என்று கேட்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. "இல்லம்மா, நாங்க திருநெல்வேலி. அரிசிச் சாப்பாடுதான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனாள். இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏன் அப்படிச் சொன்னேன் என்று. பல வருடமாகத் தின்கிற களியை என் சாப்பாடு என்று நான் நினைக்கவே இல்லை போலிருக்கிறது. ஏதோ வந்த இடத்தில் விருந்தாளியாகத் தின்கிறோம், நம்முடையது ஊரில் இருக்கிறது என்கிற நினைப்பு. வெளியூரில் இருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு இந்த நினைப்பு உண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்க வேண்டும் என்று வெறும் திரவம்தான். மோர், தெளிந்த சூப், மாவு கரைத்த பால். நாக்கு செத்துப்போனது. காலையில் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ரத்னம்மா தினமும் கேட்கிற கேள்வி, "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுதான் இங்கே வணக்கம் சொல்வது. அதைக் கேட்டாலே எனக்கு அழுகை முட்டும். ஊரில் அம்மாவுக்கு போனில் சொன்னேன். "ஏட்டி மாரி, கூறு இருக்கா உனக்கு? ஆண்டவன் குடுத்த வயித்த எவளாவது அறுப்பாளா?" என்று வைதுவிட்டு அழுதாள். பசியும் பயமும் எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன்.

"நான் செத்துப்போனா எங்க கொண்டு போவீங்க? இங்கயேவா, ஊருக்கா?"

"வாயக் கழுவுளா" என்றார். கயிற்றை முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நான்தான் நம்பவில்லை. கண் விழித்ததும் முதலில் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தேன். தையலில் கசிவு வந்தால்தான் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஏப்பம் வந்தாலும் பயம், முதுகு வலித்தாலும் பயம். ஒரு குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் அதோடு சேர்ந்த டப்பாவுக்குள் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். என் பந்து எழும்பவே யோசித்தது. நர்ஸ் கன்னடத்தில் அதட்டினாள், நான் தமிழில் திட்டினேன், இரண்டு பேருக்கும் புரியாததால் சண்டை வரவில்லை. காலில் ரத்தம் கட்டக்கூடாதென்று வராந்தாவில் நடக்கவிட்டார்கள். நடந்தேன். எல்லாப் படுக்கையிலும் யாரோ ஒருவர் என் அண்ணனைப் போலவே கண்ணை மூடிக் கிடந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரைக்கூடச் சிறு மூடியில் ஊற்றி வாய் நனைக்கிற மாதிரிதான் குடித்தேன். பிறகு கஞ்சி, பிறகு மசித்த பருப்பு. சில வாரம் கழித்து மெத்தென்ற சாப்பாடு தொடங்கலாம், கூழாகிறவரை மெல்ல வேண்டும் என்றாள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொன்ன அந்தப் பெண். சோற்றைக் குழைத்து வாயில் போட்டு, அது தண்ணீராகும் வரை மென்றேன். தாடை வலித்தது. புடவை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. மத்தியானத் தூக்கத்தில் மூச்சு இப்போது நிற்பதில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். முதல்முறையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு ரத்னம்மா ஒரு கிண்ணத்தை மூடி எடுத்து வந்தாள். உள்ளே எலுமிச்சங்காயளவு களி, பக்கத்தில் கீரைச் சாறு.

"சோத்தப் போட்டு மென்னுக்கினே கீறியே, பாக்கவே பாவமாக்குது. இத உண்ணு கண்ணு. இதுல மெல்ற வேலையே இல்ல. வயித்துக்கு மெத்துனு கீது, ஒண்ணும் ஆவாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. மெத்தென்ற சாப்பாடுதானே சொன்னார்கள், களியை விட மெத்தென்று எது இருக்கிறது? ராகி வாசனை மூக்கில் ஏறியதும் உடம்பெல்லாம் வாயானது. கிள்ளினேன், உருட்டினேன், சாற்றில் புரட்டினேன். சோறு என்றால் மெல்ல வேண்டும் என்று நினைவிருந்த வாய்க்கு, களி என்றதும் பழைய புத்தி வந்துவிட்டது. பல்லில் படாமல் விழுங்கினேன். ருசியில் இன்னொன்றும் விழுங்கினேன்.

நெஞ்சுக்குழியில் அது நின்றது. முதலில் பாரம், அப்புறம் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி வலி. எச்சில் நுரை நுரையாகப் பொங்கி வந்தது, விழுங்க முடியவில்லை. குமட்டுகிறது, வாந்தி வரவில்லை. தையல் பிரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ரத்னம்மா அடுப்படிக்கு ஓடினாள். தண்ணீர் சொம்பை நீட்டினாள். சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்ட என் வீட்டுக்காரர், "தண்ணி குடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க" என்று சொம்பைத் தட்டிவிட்டார். வாடகைக் காரில் நுரையைத் துண்டில் துப்பிக்கொண்டே போனேன். அத்திப்பள்ளியில் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி நகரவில்லை. அந்த மாநிலத்துக்குள்ளும் நுழையாமல், இந்த மாநிலத்துக்கும் திரும்பாமல் நடுவில் சாகப்போகிறேன் என்று தோன்றியது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று உடைந்துபோனார்.

"ஊருக்கே கூட்டிட்டுப் போறேன்ளா. நீ எங்க சொல்லுதியோ அங்க கூட்டிட்டுப் போறேன். மூச்சு மட்டும் விடு."

அவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் வந்தது. ஊருக்கு என்கிற சொல்லைக் கேட்டால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. எனக்குக் கண்ணுக்குள் வந்தது ரத்னம்மா வீட்டுப் பக்கத்து என் அடுப்படிதான். எச்சில் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தோமே, போய்க் கழுவி வைக்க வேண்டும், செத்தால்கூட அதற்கு அப்புறம்தான் என்று நினைத்தேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டுக் களியை எடுத்தார்கள். புதிய வாசலை அது மாவு பூசி அடைத்த மாதிரி அடைத்திருந்ததாம். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது. சாப்பாட்டுக்காரப் பெண் ஓடிவந்தாள். "முத்தே சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களேம்மா, சொல்லியிருந்தா தொடக்கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருப்பேனே" என்றாள். அவள் கேட்டது வயிற்றை. நான் சொன்னது ஊரை. மறுபடியும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். "சோறும் களியும்" என்றேன். தொண்டைப் புண்ணில் அது கரகரவென்று வந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போய் வந்தோம். அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் பிள்ளைய அந்த ஊர்க்காரங்க உருக்கிட்டாங்களே" என்றாள். ஊரில் மெலிவு என்றால் சீக்கு, இல்லையென்றால் கவலை. கரண்டிச் சோற்றை நான் மென்றுகொண்டே இருந்தேன், பந்தியில் எல்லோரும் எழுந்து கை கழுவிவிட்டார்கள். களி இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கேப்பைக் களியா? பஞ்சத்துலல்லா அதத் தின்னோம்" என்று அம்மா என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள்.

மாதங்கள் போய், டாக்டர் சரியென்ற பிறகு, இப்போது எப்போதாவது களி சாப்பிடுகிறேன். நெல்லிக்காயளவு, சாற்றில் கரைய விட்டு. மெல்லுகிறேன். அண்ணத்தில் அப்பினாலும் விடாமல் மெல்லுகிறேன். ரத்னம்மா இப்போது சிரிப்பதில்லை. அன்றைக்குப் பிறகு அவள் "ஊட்டா ஆய்த்தா" என்று என்னிடம் கேட்பதையும் விட்டுவிட்டாள். முதல் வாய் வைக்கும்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். எனக்கு இன்னும் பயம்தான். நெஞ்சில் கை வைத்துக் காத்திருக்கிறேன். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"எறங்குச்சா?" என்கிறாள்.

இறங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுக்கிறேன். உள்ளே, எதுவுமே இறங்காத அந்தப் பழைய வயிறு உறுமுகிறது.