எண்ணெய் போடாத ராட்டினம்

என் அப்பாவுக்கு வீட்டில் எதுவும் கிறீச்சிடக் கூடாது, எதுவும் ஒழுகக் கூடாது, எதுவும் ஆடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் சுத்தியல், குறடு, நெளிந்ததை நிமிர்த்தி வைத்த ஆணிகள், ஒரு சீசாவில் விளக்கெண்ணெய், அதைத் தொட்டுத் தடவ ஒரு கோழி இறகு எல்லாம் இருக்கும். கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, கொல்லைத் தாழ்ப்பாள் என்று ஒன்று விடாமல் இறகால் தடவிக்கொண்டே வருவார். குறுக்கே யாராவது போனால் அவ்வளவுதான். தெருவே கேட்கும்படி ஒரு அதட்டல் விழும்.

பொங்கலுக்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடித்தாக வேண்டும். சித்திரை வெயிலில் கூரையேறி உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். ஐப்பசி மழை வருவதற்குள் கூரையோரத் தகரத்தில் சேர்ந்த சருகை வாரிப்போட வேண்டும். மழைக்கு எறும்பு தயாராகிறதற்கு முன்னால் இவர் தயாராகிவிடுவார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மட்டும் அவருக்கு வராது. அதற்குப் பதிலாக அருவாமணையைத் தீட்டி வைப்பார். அம்மாவுக்கும் அது புரியும். கூர் ஏறிய அருவாமணையில் கத்தரிக்காய் நறுக்கும்போது தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒன்று மட்டும் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது. அது கிணற்று ராட்டினம்.

எங்கள் வீடு மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்கும் இடத்தில் இருந்தது. கொல்லைக் கிணறு எங்களுக்குப் பாதி, பின்தெருவில் இருந்த பாய் வீட்டுக்குப் பாதி. அவர்கள் தோல் வியாபாரம் செய்த பெரிய குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவே வந்த மதில், கிணற்றின் வாய்க்கு மேலே குறுக்காகப் போகும். மதிலுக்குக் கீழே கிணறு ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இந்தப் பக்கம் குனிந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆளைப் பார்க்க முடியாது.

இரண்டு வீட்டாரும் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. எங்கள் ராட்டினம் கிறீச்சிட்டால், பெண்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கக் கொல்லையில் இருக்கும் ஆண்கள் ஒரு முறை செருமிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பிறகு அந்த வீட்டு மருமகள் வருவாள். அவள் கோஷாப் பெண், ஆண்கள் கண்ணில் படக் கூடாதவள். வாசல் தாண்டினால் திரை போட்ட ஜட்கா வண்டி வேண்டும், கூட ஒரு கிழவி வேண்டும். கொல்லையில் அவள் நிற்கலாம் என்பதே எங்கள் ராட்டினம் கத்துகிற நேரத்தில்தான்.

அவளும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அவள் "அக்கா" என்பாள். அம்மா "தங்கச்சி" என்பாள். குழம்பில் உப்பு கூடிப்போனது முதல் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது வரை எல்லாம் அந்தக் கிணற்றுக்குள் போய்ச் சேரும். என் தம்பி பிறந்து சில நாளில் போனபோது, வந்தவர்கள் எல்லோரும் அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். விதி என்றார்கள், வயசு இருக்கிறது என்றார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய் வெறும் குடத்தை இறக்கினாள். ராட்டினம் கத்தியது. அந்தப் பக்கம் வந்து நின்றவள் எதுவும் சொல்லவில்லை. அம்மா அழுது முடிக்கும் வரை அவளும் அழுதாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள்.

அதனால் அப்பா எப்போது எண்ணெய்ச் சீசாவோடு ராட்டினத்தை நெருங்கினாலும், "அது இருக்கட்டுங்க" என்று அம்மா தடுத்துவிடுவாள். காரணம் சொல்ல மாட்டாள். பகலெல்லாம் ஆபீசில் இருக்கும் அப்பாவுக்குக் கிணற்றடி வழக்கம் தெரியாது. தன்னை எதற்குச் சிரமப்படுத்துவது என்று அவள் பார்க்கிறாள் என அவர் நினைத்துக்கொண்டார்.

மறுபடி அம்மாவுக்கு நாள் தள்ளிப்போனது. அது முதலில் தெரிந்தது அப்பாவுக்கு அல்ல, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு. இந்தத் தடவை பிள்ளை நிற்க வேண்டுமே என்று இரண்டு பேரும் பயந்து பயந்து பேசுவார்கள். தண்ணீர் இறைக்க ஆள் வைக்கிறேன் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. சின்னச் செம்புக் குடம்தான், கயிற்றைப் பிடிக்கப் பெண் இருக்கிறாள் என்று என்னைக் காட்டிவிட்டாள்.

அப்பா யோசித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், ராட்டினத்தைக் கழற்றித் துருவைச் சுரண்டி, அச்சுக்கு வண்டி மசகு போட்டு மாட்டிவிட்டார். சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு ஒரு விரலால் கயிற்றை இழுத்துக் காட்டினார்.

"இப்போ எப்படிக் கீது பாரு? இனிமே உனுக்குக் கை வலிக்காது."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மறுநாள் குடம் சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் ஏறியது. அந்தப் பக்கம் ஆண்கள் ஹூக்கா குடித்துக்கொண்டு பேசுவது கேட்டது. அவர்கள் எழுந்து போகவில்லை. போகவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சற்று நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மதிலுக்கு மேலே குரல் கொடுப்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலும் இல்லை, அவர்கள் வீட்டிலும் இல்லை.

பின்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "ஒருவேளை அவங்களுக்கே பேச இஷ்டமில்லையோ என்னமோ. அவங்க வாசல்ல போயி நிக்கறதா?" என்றாள். ராட்டினம்தான் காரணம் என்று தெரிந்திருந்தும், சோர்ந்த மனசு இப்படியும் நினைத்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. ராத்திரி அப்பா ஏன் என்று கேட்டால் மசக்கை என்பாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவிடம் போட்டு உடைத்துவிடலாம் என்றால், அம்மா கண்ணாலேயே என்னை அடக்கிவிடுவாள். அவர் ஆசையாகச் செய்தது, அதைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா டின்னோடு கொல்லையில் இருந்தபோது, எங்கள் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. திரையை விலக்கிக்கொண்டு ஒரு கிழவி இறங்கினாள். அவள் பின்னால் கறுப்புப் புர்கா போட்ட ஒரு பெண் இறங்கி, யாரையும் கேட்காமல் நேரே நடைக்குள் வந்துவிட்டாள். நான்தான் எதிரே நின்றேன்.

"அக்கா எங்கே?"

கிணற்றுக்குள் கேட்ட அதே குரல். அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்தாள். வந்தவள் முகத்திரையைத் தூக்கினாள். அம்மாவை விடச் சின்னவள், மாநிறம், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் அம்மாவின் முகத்தை விட்டு வயிற்றைப் பார்த்தாள்.

"புள்ள நல்லா கீதா, அக்கா?"

"நல்லா இருக்கு, தங்கச்சி."

"ராட்டினம் சத்தமே இல்லியே. நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்று கேட்டவள், அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். குழந்தை போய், அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்றே அவள் முடிவு செய்திருக்கிறாள். மாமியாரிடம் தினமும் கெஞ்சி, கடைசியில் சோறு தொடமாட்டேன் என்று அடம் பிடித்து உத்தரவு வாங்கி வந்திருக்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். "அவருதான் எண்ணெய் போட்டுட்டாரு. எனக்குக் கை வலிக்கக் கூடாதாம்" என்றாள்.

அந்நியப் பெண் வந்திருக்கிறாள் என்று அப்பா கொல்லையிலேயே நின்றுவிட்டார். ஆனால் எல்லாம் அவர் காதில் விழுந்தது. ஜட்கா போகும் வரை அவர் உள்ளே வரவில்லை. பிறகு வந்தவர், நேரே அடுப்படிக்குப் போய்ச் சாம்பலும் புளியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பினார்.

போட்ட மசகு லேசில் போகுமா? சாம்பல் போட்டுத் தேய்த்தார், சீயக்காய் போட்டுக் கழுவினார். ராட்டினம் ஊமையாகவே சுற்றியது. பிறகு தினமும் ஆபீசுக்குக் கிளம்புமுன் அச்சில் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார். ஆயுசு முழுக்கத் துருவோடு சண்டை போட்ட மனிதர், துரு ஏறிவிட்டதா என்று கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பாக வரும். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கும்.

ஒரு நாள் காலை, கோட்டும் தலைப்பாகையுமாக நின்றுகொண்டு கயிற்றை இழுத்துப் பார்த்தார். கிறீச்சென்றது. மறுபடி இழுத்தார். பழைய கத்தல் முழுசாக வந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா கிணற்றடிக்கு வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமிக்கொண்டு எழுந்து போனார்கள். சற்று நேரத்தில் வளையல் சத்தம் கேட்டது.

"அக்கா?" என்றது கிணறு.

அப்பா கயிற்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒரு முறை செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.