டவுனுக்கு மட்டும் ஒரு தகரம்

எனக்கு முன்சீட்டில் இடம் கொடுத்த ஓட்டுநர், கோத்தகிரிக்குள் நுழையும் முன் தன் பழைய லாரியை நிறுத்துகிறார். துருப்பிடித்து ஓட்டையான சைலன்சர் குழாயில் எண்ணெய் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் முறுக்குகிறார். உறுமல் அடங்குகிறது. எனக்கு நிம்மதி.

கட்டபெட்டு தாண்டியதும் மறுபடி நிறுத்துகிறார். ஈரச்சாக்கோடு அடியில் புகுந்து அதே தகரத்தைக் கழற்றுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நல்லாத்தானே இருந்தது?"

"அது டவுனுக்கு மட்டுந்தானுங்க. சத்தம் கேட்டா போலீஸ் மறிச்சிருமுங்க." தகரத்தைச் சீட்டுக்கடியில் போடுகிறார். "நேத்து கழட்ட மறந்துட்டனுங்க. பாதி இலை ஊட்லயே கெடந்து வாடிருச்சு."

எந்த இலை, யார் வீட்டில்? கேட்பதற்குள் லாரி அலறுகிறது. மூடுபனியைத் தவிர எதுவும் தெரியாத சரிவிலிருந்து, அந்தச் சத்தத்துக்குத் தேயிலை மூட்டைகளைத் தலையில் சுமந்தபடி பெண்கள் இறங்கி வருகிறார்கள்.