நாலு விநாடி நிபந்தனை

வானொலியில் கார் விளம்பரம் கேட்டிருப்பீர்கள். முதல் இருபத்தாறு விநாடி ஒரே குதூகலம். இசை துள்ளும். ஓர் ஆண்குரல் பல வருஷம் பழகியவர் போல உங்கள் தோளில் கை போட்டு, "மாதம் வெறும் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்று கொஞ்சும். கடைசி நாலு விநாடியில் ஒரு பெண்குரல் வரும். கடகடவென்று ஏதோ உருண்டு போகும், அவ்வளவுதான். என்ன சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத்தான் நாங்கள் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம்.

நான் ஒலிப்பதிவுக்காரன். பதினொரு வருஷமாக அவர் குரலைப் பதிவு செய்கிறேன். அவர் பேசி முடித்ததும், நடுவில் இழுத்த மூச்சையெல்லாம் தேடித் தேடி வெட்டி எறிவது என் வேலை. ஒரு மூச்சு கால் விநாடி. நாலு மூச்சு சேர்ந்தால் ஒரு விநாடி, அந்த ஒரு விநாடிக்கு வானொலி நிலையத்தார் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆக, மூச்சே விடாத பெண்ணாக அவரை ஊருக்குக் காட்டியது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் இருபத்திரண்டு நிறுத்தம், இருபத்தைந்து நிறுத்தம் என்று பட்டியல் இருக்கும். ஓட்டுநர் கதவைச் சாத்துவதற்குள் அத்தனையும் சொல்லி முடித்தாக வேண்டும். ஓட்டுநர்களுக்கோ பொறுமை என்பதே கிடையாது. அங்கே பழகிய நாக்கு அது. நிலையத்தில் எந்திரக் குரலை வைத்து இவரை வீட்டுக்கு அனுப்பியபோது எங்கள் படியேறி வந்தார். முதல் நாளே இருபத்துநாலு சொல்லை நாலு விநாடியில் ஊதித் தள்ளினார். நான் வாயைப் பிளந்தேன்.

அவருக்கு ஒட்டு உறவு என்று இருப்பது ஓர் அக்கா மட்டும். நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். போன வருஷம் ஒரு வீட்டில் தைத்ததை மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி அவர் பேருந்தில் உட்கார முடியாது, இவர்தான் போக வேண்டும். நேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மூன்று வண்டி மாறி, ஐந்து மணி நேரம் ஆடிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பக் கிளம்ப வேண்டும். சில வாரம் போக முடியாமல் போய்விடும்.

"அக்கா ஒண்ணும் சொல்றதில்ல, சவுண்டு. 'பரவாயில்லடி'ன்னு ஒரே வார்த்தை. அந்தப் 'பரவாயில்ல'தான் எனக்குத் தாங்கல," என்றார் ஒரு நாள். சவுண்டு என்பது நான்தான்.

அதற்காகவே நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு தடவை தேர்வில் தோற்றார். பழக்கதோஷம், ஒவ்வொரு திருப்பத்தையும் வாய்விட்டு அறிவித்துவிட்டுத்தான் திருப்புவார். தேர்வு அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை வேறு அதிகாரி, சிரித்துக்கொண்டே உரிமத்தைக் கொடுத்தார்.

இந்த நேரத்தில்தான் அந்த முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது விளம்பரம் எங்களிடம் வந்தது. புதுக் கார், லீஸில். எக்ஸ்பிரஸ் தன் பங்கைப் பேசி முடித்தார், நான் மூச்சை வெட்டி ஒட்டினேன், இரண்டு பேரும் முழு விளம்பரத்தையும் ஒரு முறை ஓட்டிக் கேட்டோம். அவர் ஹெட்போனைக் கழற்றினார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"சவுண்டு, மாசம் முன்னூத்தித் தொண்ணூத்தொம்போதுதானா?"

"அப்படித்தான் சொல்றாங்க மேடம்."

"அது என்னால முடியுமே."

அதோடு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விளம்பரத்தில் அவர் கேட்டது இருபத்தாறு விநாடி. மீதி நாலு விநாடியை அவர் பேசினார், பேசுகிறவர் காதில் அது ஏறுவதில்லை. என் காதிலும் அதில் விழுந்தது மூச்சு மட்டும். ஊரிலேயே அந்த நிபந்தனையை அதிகத் தடவை கேட்ட இரண்டு பேரும் அதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை ஷோரூமுக்கு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிச் சுவர், முகம் பார்க்கலாம் போலத் தரை, புது ரப்பர் வாசனை. விற்பனையாளர் அகலமான மஞ்சள் டை கட்டியிருந்தார், ஆகவே டைக்காரர். அவர் செய்த முதல் காரியம் காரின் கதவைச் சாத்திக் காட்டியது. அடடா, அது என்ன சத்தம். தகரச் சத்தம் துளியும் இல்லாமல், கனமாக, அடக்கமாக ஒரு 'தொப்'. சத்தத்தில் சோறு தின்கிறவன் நான். இன்னொரு தடவை சாத்தச் சொன்னேன். எச்சரிக்கை சொல்ல வந்தவன் இப்படித்தான் முதல் நிமிஷத்திலேயே கவிழ்ந்தேன்.

எக்ஸ்பிரஸ் உள்ளே ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்காகவே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு மேடம்," என்றார் டைக்காரர். "பன்னெண்டு ஸ்பீக்கர். பாட்டு போட்டா கச்சேரிதான்."

எக்ஸ்பிரஸ் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, அதை ஸ்டியரிங் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"அக்கா, அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு உன் வாசல்ல வந்து நிப்பேன். இனிமே எல்லாச் சனிக்கிழமையும்."

"வாசல்ல நிக்கறதுக்கு எதுக்குடி காரு? உள்ள வா," என்றது போன்.

அந்த அம்மாள் சந்தோஷப்பட்டால் இப்படித்தான் பேசுவார் என்று எக்ஸ்பிரஸ் என்னிடம் கிசுகிசுத்தார்.

டைக்காரர் தாள்களோடு கண்ணாடி அறைக்குப் போனார். உள்ளே மேலாளர். "உங்களுக்காகப் பேசிப் பார்க்கிறேன் மேடம், ரொம்பக் கறாரான ஆளு," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கதவு லேசாகத் திறந்திருந்தது. என் காது கொஞ்சம் நீளம். உள்ளே மேலாளரின் பல்வலியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. டைக்காரர் போர்க்களத்திலிருந்து வருகிறவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எப்படியோ சம்மதிக்க வச்சுட்டேன்," என்றார். "ஆனா சலுகை இன்னிக்கோட முடியுது."

எக்ஸ்பிரஸ் காரில் இருந்தபடியே பேனாவை வாங்கினார். அப்போது கூரையிலிருந்த ஸ்பீக்கரில் அந்த விளம்பரம் ஓடியது. மட்டமான ஸ்பீக்கர், ஓரம் கிழிந்திருக்க வேண்டும். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது, பிறகு எக்ஸ்பிரஸ் உருண்டு போனார். கிழிசலில் மாட்டி ஒரே ஒரு சொல் தனியாகத் தெறித்து விழுந்தது.

"மேடம், அதுல 'ஆயிரம்'னு எதையோ சொல்றீங்களே. என்ன ஆயிரம்?"

"ஆயிரமா? இருங்க, சொல்லிப் பார்க்கறேன்." மெதுவாக ஆரம்பித்தார். "முன்பணம் தனி, பதிவுச் செலவு தனி..." நின்றார். மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை பதிவுச் செலவுக்குப் பிறகு ஏதோ பேருந்து நிறுத்தத்தின் பெயர் வந்தது. "மெதுவா சொன்னா வரமாட்டேங்குது, சவுண்டு. ஓடினாத்தான் வரும்."

"அது வழக்கமா எல்லாரும் போடறதுதான் மேடம். நீங்க இங்க ஒரு கையெழுத்து," என்றார் டைக்காரர்.

எனக்குக் குறுகுறுத்தது. பதிவு என் போனிலேயே இருந்தது. வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தேன். டைக்காரர் பெருமையடித்த அந்தப் பன்னிரண்டு ஸ்பீக்கரோடு போனை இணைத்தேன். கார்க் கதவுகள் நாலும் திறந்து கிடந்தன.

சளி பிடித்த எருமை ஒன்று ஷோரூமுக்குள் வாய் திறந்தது.

"மு...ன்...ப...ண...ம்... த...னி..."

காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் கோப்பையை வழிய விட்டார். பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேனாவைத் தூக்கியபடி உறைந்தார்கள். எருமை யாரையும் பொருட்படுத்தாமல் முழுவதையும் முப்பத்திரண்டு விநாடி சொன்னது. முன்பணம் தனி. பதிவுச் செலவு தனி. மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரை மட்டும். மிஞ்சும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். முப்பத்தாறு மாதம் முடிந்ததும் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

டைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அமைதியில் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. போனை யாரும் வைக்கவே இல்லை.

"யாருடி அது, எருமை மாட்டம் பேசறது?"

"நான்தான்க்கா."

எக்ஸ்பிரஸ் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தார், ஹாரன் வேறு அடித்தது. பக்கத்து மேஜைப் பெண்டாட்டியும் சிரித்தாள். டைக்காரர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் எக்ஸ்பிரஸ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"போக வர இருநூத்தி எண்பது. நாலு சனிக்கிழமைக்கு?"

"ஆயிரத்து நூத்தி இருபது."

"ஸ்டுடியோவுக்கே வராம?"

"கடைக்குக்கூடப் போகாம."

அவர் முகம் வாடியது. "அக்காகிட்ட சொல்லிட்டேனே, சவுண்டு." முன்பே வாய் திறந்திருக்க வேண்டும் நான்.

"லீஸ் வேண்டாம்னா விடுங்க மேடம், கடன்ல எடுங்க," என்று டைக்காரர் உடனே வேறு தாளை எடுத்தார். "மாசம் உங்களால எவ்வளவு கட்ட முடியும்?"

இந்தக் கேள்வியை நான் அறிவேன். ஆறு வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு நான் அசட்டுத்தனமாகப் பதில் சொன்னேன். அவர்கள் மாதத் தொகையைக் குறைத்துக் குறைத்து, வருஷத்தை நீட்டி நீட்டி, ஏழு வருஷம் ஆக்கினார்கள். என் காரின் பின்பக்கத் தகடு கயிற்றில் தொங்குகிறது, தவணை மட்டும் திடமாக இருக்கிறது. வெட்கத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"மாசத்தைச் சொல்லாதீங்க மேடம். மொத்தம் கேளுங்க."

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொத்தம் எவ்வளவு?"

"அஞ்சு வருஷம்னா மாசம்..."

"மொத்தம்?"

"வட்டியே இல்லாத திட்டம் ஒண்ணு இருக்கு மேடம்..."

"அதுல எடுத்தா விலைத் தள்ளுபடி உண்டா?"

டைக்காரர் டையைச் சரிசெய்தார். "தள்ளுபடி அதுல வராது."

"அப்போ வட்டியை விலைக்குள்ளயே வச்சுட்டீங்க. மொத்தம்?"

ஆறாவது தடவை கேட்டபோது மனிதர் தாளில் ஒரு தொகையை எழுதினார். எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஓரமாக நின்ற ஒரு காரைக் காட்டினார். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருந்த வண்டி, போன வருஷத்து மாடல், நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பரங்கிக்காய் நிறம், அதனாலேயே விலைபோகாமல் நின்றது. வரி, பதிவு, நம்பர் பலகை எல்லாம் சேர்த்து என்ன என்று கேட்டதற்குப் பதினெட்டாயிரத்து நானூறு என்றார் டைக்காரர்.

"ஓட்டிப் பார்த்தவங்க எல்லாம் அடிச்சு உதைச்ச வண்டிக்கா?" என்றார் போனில் அக்கா. "பதினாறு சொல்லுடி. தரைவிரிப்பு ஓசின்னு சொல்லு."

டைக்காரர் கண்ணாடி அறைக்கு மூன்று தடவை போய் வந்தார். பல்வலி குறைந்திருக்க வேண்டும், பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறங்கினார்கள். பெயிண்ட் பூச்சு, இருக்கைக் காப்பு, ஐந்து வருஷ உத்தரவாதம் என்று தாளில் தானாக முளைத்திருந்தவற்றை எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றாக அடித்தார். தரைவிரிப்பை மட்டும் அடிக்கவில்லை, பக்கத்தில் 'ஓசி' என்று எழுதினார். தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். கடனை வங்கியில் கேட்டுக்கொண்டு புதன்கிழமை வருகிறேன் என்றார்.

"இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் மேடம். விளம்பரத்துலயே இன்றே கடைசின்னு..."

"தம்பி, அடுத்த வாரத்துக்கும் 'இன்றே கடைசி' பேசி வச்சாச்சு. செவ்வாய்க்கிழமையே பதிவு பண்ணிட்டோம். நானும் இவரும்தான்."

டைக்காரர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வெளியேறும்போது பக்கத்து மேஜைக்காரர்கள் ஆளுக்கொரு குரலில் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை வங்கிக் கடிதத்தோடு போய், மூன்று வருஷக் கடனில் பரங்கிக்காயை ஓட்டி வந்தார். ஸ்டுடியோ வாசலில் திருப்பும்போது "இடப்பக்கம்" என்று அறிவித்தது மேலே வரை கேட்டது. நான் படி இறங்கி ஓடினேன். இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கதவைச் சாத்தினால் தகரச் சத்தம்தான். எனக்கு அது போதும் போல இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். எஞ்சின் நிற்கிறது. தகரக் கதவு. ஊன்றுகோல் தரையில் தட்டித் தட்டி வருகிறது.

"என்னடி கலர் இது?" என்கிறார் அக்கா. கோல் காரைச் சுற்றி ஒரு முழுச் சுற்று போய் வருகிறது. பிறகு குரல் இறங்கி, எருமை சொன்னது இன்னும் காதில் நிற்பது போல, "இதை எப்போ திருப்பித் தரணும்?" என்கிறார்.

அங்கே எக்ஸ்பிரஸ் ஒரு மூச்சு இழுக்கிறார். நீளமான, முழு மூச்சு.

"தர வேண்டாம்க்கா," என்கிறார். "நம்மளுது."

பழக்கம் விடவில்லை, அந்த மூச்சிலிருந்து கடைசிச் சொல் வரை அளந்து பார்த்தேன். சரியாக நாலு விநாடி.